கொப்பூழ்க்கொடியை யாரிடம் கொடுப்பது?

பெறுமாதத்துக்குப் பை அடுக்கும்போது எங்கள் வீடுகளில் எழும் கேள்விகள் எல்லாம் பழகியவை. பழஞ்சீலை காணுமா, சுடுதண்ணிப் போத்தல் எங்கே, ஆர் துணைக்கு நிற்பது, சரக்குக்கு மல்லியும் மிளகும் இடித்தாயிற்றா. போன ஐப்பசியில் என் பெறாமகளுக்கு அந்த வரிசையில் புதிதாக ஒன்று சேர்ந்தது. பிறந்ததும் வெட்டுகிற கொப்பூழ்க்கொடியை என்ன செய்யப் போகிறோம்?

கேள்வி நாலு பக்கத்தால் வந்தது. முதலில் ஒரு தனியார் கொடிக்குருதி வங்கியின் முகவர் மினுங்குகிற கையேட்டோடு வீட்டுக்கே வந்துவிட்டார். பிறகு கிளினிக்கில் ஓர் ஆராய்ச்சி மாணவி, கொடியைத் தங்கள் ஆய்வுக்குத் தர முடியுமா என்று கேட்டு இரண்டு தாள் கொடுத்துவிட்டுப் போனாள். றொறன்ரோவில் இருக்கும் பெறாமகளின் அண்ணன், இங்கே பொது வங்கிக்குச் சும்மா தானம் கொடுக்கிறார்கள், அங்கேயும் விசாரித்துப் பாருங்கள் என்றான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த என் அம்மா, "கொண்டுவந்து வளவுக்கை தாட்டுவிடுறதுக்கு உவ்வளவு கதையோ?" என்றார்.

நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவள். டொக்டர் அல்ல. ஆனாலும் "சின்னம்மா, நீங்களே வாசிச்சுச் சொல்லுங்கோ" என்று தாள்கள் எல்லாம் என் மேசைக்கு வந்துவிட்டன. இரண்டு கிழமை வாசித்தேன். வாசித்தபின் எனக்குத் தோன்றியது இது.

முகவர் கேட்டதும் மாணவி கேட்டதும் ஒரே பொருள் அல்ல. நாங்கள் கொடி என்று ஒரு சொல்லில் முடிப்பதற்குள் மூன்று பொருள்கள் இருக்கின்றன. ஒன்று கொடியேதான். ஐம்பது அறுபது சென்ரிமீற்றர் நீளம், இரண்டு சென்ரிமீற்றரளவு தடிப்பு, முறுக்கிய கயிறு மாதிரி, வழுக்கும். வெட்டு முகத்தைப் பார்த்தால் மூன்று துளை தெரியும்: நாடி இரண்டு, நாளம் ஒன்று. (இங்கே நாளம்தான் ஒட்சிசன் ஏறிய குருதியைப் பிள்ளைக்குக் கொண்டுபோகிறது. வருடாவருடம் என் வகுப்பில் அரைவாசிப் பேர் பிழைவிடும் இடம்.) துளைகளைச் சுற்றி நொங்குச் சதை மாதிரி ஒரு கூழ். 1656இல் அதை விவரித்த தோமஸ் வார்ட்டனின் பெயரால் வார்ட்டன் ஜெலி என்பார்கள். இரண்டாவது, கொடிக்குள்ளும் அதன் வேருக்குள்ளும் மிஞ்சி நிற்கும் குருதி. மூன்றாவது அந்த வேர், பாடப்புத்தகத்தில் சூல்வித்தகம், அம்மாவின் வாயில் இளங்கொடி. அது அரைக் கிலோவளவு இருக்கும்.

வங்கிக்கு வேண்டியது குருதி. மாணவிக்கு வேண்டியது கொடி, குருதி வடிந்து போன கொடியாக இருந்தாலும் சரி. அம்மாவுக்கு எல்லாம் வேண்டும். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மிச்சத் தீர்மானம் பெரிய கஷ்டமில்லை.

ஏனென்றால் எல்லாமே லேபர் றூமில் இரண்டு மூன்று நிமிடத்தில் தங்கியிருக்கிறது. பிள்ளை வெளியே வந்தபிறகும் கொடி சற்று நேரம் துடித்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் சூல்வித்தகத்தில் நிற்கும் குருதி பிள்ளைக்குள் இறங்குகிறது. பிள்ளை நல்ல சுகமாக இருந்தால் ஒரு நிமிடத்துக்கு முன் கொடியைக் கவ்வ (கிளாம்ப் போட்டு இறுக்க) வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2014இலிருந்து சொல்லிவருகிறது. நிறைமாதப் பிள்ளைக்கு முதல் நிமிடத்தில் ஏறக்குறைய 80 மில்லிலீற்றர், மூன்று நிமிடம் விட்டால் 100 மில்லிலீற்றர் வரை போய்ச்சேரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மூன்று கிலோப் பிள்ளையின் உடம்பில் ஓடும் மொத்தக் குருதியே கால் லீற்றர் சொச்சம்தான்.

இப்போது மற்றக் கணக்கைப் பக்கத்தில் எழுதுங்கள். வங்கிக்காக ஒரு கொடியிலிருந்து எடுக்கும் குருதி, பொதுவாக 50 முதல் 150 மில்லிலீற்றர். இரண்டும் வேறு வேறு குருதியல்ல, ஒரே கிணற்றுத் தண்ணி. பிள்ளைக்கு விட்டால் பையில் குறையும், பையை நிரப்பினால் பிள்ளைக்குக் குறையும்.

பிள்ளைக்குக் குறைந்தால் என்ன? ஆறு மாதம் வரை தாய்ப்பால்தான். தாய்ப்பாலில் இரும்பு மிகக் கொஞ்சம். பிள்ளை பிறக்கும்போது குருதியோடு கொண்டுவந்த இரும்புச் சேமிப்பில்தான் அந்த ஆறு மாதமும் ஓட வேண்டும். குருதிச்சோகை எங்கள் பக்கத்துக் கிளினிக்குகளில் புதினமான சொல் அல்ல. கர்ப்பிணிக்கு மாதக்கணக்காக இரும்புக் குளிசை கொடுத்துவிட்டு, கடைசி நிமிடத்தில் பிள்ளைக்குச் சேரவேண்டியதைப் பையில் வடிப்பது என் மனதுக்கு ஒத்துவரவில்லை.

முகவரிடம் இதைக் கேட்டேன். "கொடியை எத்தனையாம் நிமிடத்தில் கவ்வுவார்கள், தம்பி?" அவர் மரியாதையான பொடியன். "அதெல்லாம் டொக்டர்மார் பார்த்துக்கொள்ளுவினம் ரீச்சர்" என்றார். கையேட்டைப் புரட்டிப் பார்த்தேன். சிரிக்கிற வெள்ளைக்காரக் குழந்தைகள் பக்கத்துக்குப் பக்கம் இருந்தார்கள். நிமிடம் என்ற சொல் எங்கேயும் இல்லை.

தனியார் வங்கி சொல்வது ஒரு காப்புறுதிக் கதை. இன்றைக்குச் சேமித்தால், நாளைக்குப் பிள்ளைக்கு ஏதும் வந்தால் தன் சொந்த மூலக்கலம், எல்லாரும் ஸ்டெம் செல் என்கிறார்களே, புதுக் குருதிக் கலங்களைப் பிறப்பிக்கும் அது, கைக்கு வரும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பிறவியிலேயே மரபணுவில் பிழையோடு வரும் நோய்க்குச் சொந்தக் குருதி உதவாது. அந்தக் குருதியிலும் அதே பிழைதான் இருக்கும். தலசீமியா அப்படி. சிறுவயது இரத்தப் புற்றுநோய்கள் சிலவற்றில் நோயின் முதல் விதை பிறக்கும்போதே கொடிக்குருதியில் கிடந்ததைக் கண்டிருக்கிறார்கள். ஆகவே அங்கேயும் சொந்தப் பையை நம்ப முடியாது. ஒரு பிள்ளை தன் சொந்தக் கொடிக்குருதியைப் பாவிக்க நேரும் வாய்ப்பு எவ்வளவு என்பதற்கு, அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2017இல் எடுத்துச் சொன்ன மதிப்பீடுகள் 400இல் ஒன்றிலிருந்து 2 இலட்சத்தில் ஒன்று வரை விரிகின்றன. இவ்வளவு அகலமான கணக்கை வைத்து ஒரு சீட்டுக்கூடப் பிடிக்க மாட்டோம்.

இந்தியாவில் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017 வழிகாட்டலில் இன்னும் நேராகவே சொல்லிவிட்டது. சொந்தப் பாவனைக்கென்று கொடிக்குருதியைச் சேமிக்க அறிவியல் ஆதாரம் இல்லை, கொடி இழையத்தையும் பல்லையும் மற்றதையும் வணிக ரீதியில் சேமிக்க அனுமதியே இல்லை என்று. எங்கள் முகவர் "குருதியோடு கொடி இழையமும் சேர்த்தெடுத்தால் விலைக்கழிவு" என்று ஒரு பொதி காட்டினார். அந்தக் கழிவு போகத்தான் அவர் சொன்ன தொகை. வருடாந்தக் கட்டணம் வேறு. மருமகன் அதைக் கல்குலேற்றரில் இருபது வருடத்தால் பெருக்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டான்.

ஒரு விதிவிலக்கு உண்டு, அதை மறைக்கக் கூடாது. வீட்டில் ஏற்கெனவே ஒரு பிள்ளைக்கு மூலக்கல மாற்றம் தேவையான நோய் இருந்தால் கதை முழுக்க வேறு. உலகின் முதல் கொடிக்குருதி மாற்றமே அப்படி நடந்ததுதான். 1988இல் பாரிஸ் சென் லூயி மருத்துவமனையில் எலியான் குளுக்மன் குழுவினர், ஃபன்கோனிச் சோகை என்ற பிறவி நோயுள்ள ஒரு பையனுக்கு, அப்போதுதான் பிறந்த தங்கச்சியின் கொடிக்குருதியை ஏற்றினார்கள். கூடப்பிறந்தவர்கள் முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. குருநாகல் தலசீமியா நிலையத்துக்கு மாதாமாதம் இரத்தம் ஏற்றப் போகும் குடும்பம் ஒன்று அடுத்த பிள்ளையை எதிர்பார்க்கிறது என்று வையுங்கள். அவர்கள் குருதிநோய் வைத்திய நிபுணரிடம் நேரத்தோடு கதைத்தே ஆக வேண்டும். அந்த வீட்டில் கொடிக்குருதி மருந்து. எங்கள் பெறாமகளுக்கு இது முதல் பிள்ளை, குடும்பத்தில் அப்படி நோயும் இல்லை.

பொது வங்கி நல்ல காரியம்தான். காசு கேட்காது, பொருந்துகிற யாருக்கும் போகும். நியூயோர்க்கில் 1992இலும் இங்கிலாந்தில் 1996இலும் தொடங்கினார்கள். கனடாவில் தேசிய வங்கி 2013இல் ஒட்டாவாவில் சேகரிப்பைத் தொடங்கியது. உலகம் முழுதும் 40,000க்கும் மேற்பட்ட கொடிக்குருதி மாற்றங்கள் நடந்திருக்கின்றன. தெற்காசியரின் பதிவுகள் குறைவு என்பதால் எங்கள் ஆட்களுக்குப் பொருத்தம் தேடுவது கஷ்டம், ஆகவே பெறாமகளின் அண்ணன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் குருதியை இரண்டு நாளுக்குள் பதப்படுத்தி, திரவ நைதரசனில் சைபருக்குக் கீழே 196 பாகையில் வைக்க வேண்டும். அதற்குப் பழகிய கையும் பெட்டியும் பிரசவ நேரத்தில் நிற்க வேண்டும். யாழ்ப்பாணத்து லேபர் றூமில் அந்த ஏற்பாடு இல்லை. இருக்கிற ஊரிலும் நிமிடக் கணக்கு அதேதான். கலம் போதாது என்று தள்ளப்படும் பைகளும் நிறைய, அவற்றில் பல கடைசியில் ஆய்வுகூடத்துக்கே போகின்றன. இதற்கிடையில் பாதிப் பொருத்தமுள்ள தாய் தகப்பனிடமிருந்தே மூலக்கலம் எடுத்து ஏற்றும் முறை நன்றாக வளர்ந்துவிட்டதால், கொடிக்குருதியின் தேவையும் முன்னைப்போல இல்லை.

உதவ வேண்டுமென்றால் நீயே அங்கே மூலக்கலக் கொடையாளராகப் பதியலாமே, முப்பத்தைந்து வயதுக்குள்தானே, கன்னத்தின் உள்பக்கத்தைப் பஞ்சால் துடைத்துக் கொடுத்தால் சரி என்று றொறன்ரோவில் இருக்கிற அவனுக்கு எழுதினேன். நீல ரிக் விழுந்தது. பதில் வரவில்லை.

இனி மாணவியின் தாள். ஆராய்ச்சி என்றதும் எங்கள் ஆட்களுக்கு ஒரு பயம், பிள்ளையை வைத்து என்னவோ செய்யப் போகிறார்கள் என்று. உண்மையில் நடப்பது மீன் கழுவுவதை விடச் சத்தமில்லாத வேலை. துடிப்பு நின்று, கவ்வி, வெட்டி, இளங்கொடியும் வந்தபிறகு, குப்பைக்குப் போகவிருக்கும் கொடியில் ஒரு சாண் துண்டை வெட்டிக் குளிர்ந்த உப்புக்கரைசல் போத்தலில் போடுகிறார்கள். ஐஸ் பெட்டியில் ஆய்வுகூடத்துக்குப் போகிறது. அங்கே நாளத்தின் வாய்க்குள் ஒரு மெல்லிய குழாயைச் செருகி, உள்ளே மிஞ்சிய குருதியைக் கழுவி, கொலாஜினேஸ் என்ற நொதியத்தை நிரப்பி இரு பக்கமும் கவ்வுகிறார்கள். உடம்புச் சூட்டில், அதாவது 37 பாகையில், கால் மணித்தியாலம் போல வைத்து எடுத்தால் நாளத்தின் உட்சுவரில் ஒற்றை வரிசையாக ஒட்டியிருந்த கலங்கள் கழன்று வந்துவிடும். அவற்றைத் தட்டில் வளர்க்கிறார்கள். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் முற்றத்தில் நெருக்கி அடுக்கிய கூழாங்கல் மாதிரி இருக்கும்.

எரிக் ஜாஃப் என்பவரும் கூட்டாளிகளும் 1973இல் இந்த முறையை வெளியிட்டார்கள். அதுவரை மனிதக் குருதிக்குழாயின் உட்சுவரை உயிரோடு தட்டில் வைத்துப் படிக்க நல்ல வழி இருக்கவில்லை. யாருடைய நாளத்தை வெட்டுவது? கொடியில் அந்தச் சிக்கல் இல்லை. குருதி எப்படி உறைகிறது, கொழுப்பு ஏன் குழாய்ச் சுவரில் படிகிறது, சர்க்கரை கூடிய குருதி சுவரை என்ன செய்கிறது என்று அரை நூற்றாண்டாகக் கேட்கப்படும் கேள்விகளில் பெரும்பகுதி இந்தக் கொடிக் கலங்களிடம்தான் கேட்கப்பட்டது. ஒரு குறை, இந்தக் கலங்கள் தட்டில் அதிக நாள் தாங்காது. ஐந்தாறு தரம் பிரித்து வளர்த்தால் கிழடு தட்டிவிடும். அதனால்தான் ஆய்வுகூடங்கள் திரும்பத் திரும்பப் புதுக் கொடி கேட்கின்றன. மாணவியின் ஆய்வும் கர்ப்பகாலச் சர்க்கரை உள்ள தாய்மாரின் கொடியையும் இல்லாதவர்களின் கொடியையும் வைத்துப் பார்ப்பது. பெறாமகள் சர்க்கரை இல்லாத பக்கம்.

கொடிக் கூழிலிருந்தும் மூலக்கலம் எடுக்கிறார்கள். அதை வைத்து முழங்கால் தேய்வு முதல் ஆட்டிசம் வரை எல்லாம் மாறும் என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். ஆய்வு நடக்கிறது என்பதும் மருந்து வந்துவிட்டது என்பதும் ஒன்றல்ல.

எனக்கு மிகப் பிடித்த கொடிக் கதை வேறு. வடக்கு அத்திலாந்திக்கில் பரோ தீவுகள் என்று மீன்பிடிச் சனம் வாழும் சிறிய தீவுக் கூட்டம். பைலட் திமிங்கில இறைச்சி அவர்களின் பழைய சாப்பாடு, அதில் பாதரசம் கூட. 1986, 87இல் அங்கே பிறந்த ஆயிரம் சொச்சம் பிள்ளைகளின் கொடிக்குருதியில் பாதரசத்தை அளந்துவைத்தார்கள். ஏழு வயதில் அதே பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பார்த்தபோது, கொடியில் பாதரசம் கூடியிருந்தவர்களுக்குச் சொல்வளம், கவனம், ஞாபகம் சற்றுக் குறைவாக இருந்தது தெரிந்தது. பிலிப் கிரான்ஜான் தலைமையில் 1997இல் வெளிவந்த அந்த ஆய்வு, கர்ப்பிணிகள் எந்த மீனை எவ்வளவு சாப்பிடலாம் என்ற அறிவுரைகளை உலகம் முழுதும் மாற்றியெழுத வைத்த காரணங்களில் ஒன்று. பிள்ளை பத்து மாதம் எதைக் குடித்தது, எதைச் சுவாசித்தது என்பதற்குக் கொடி ஒரு பதிவேடு. சுண்ணக்கல்லுக்குள் நிற்கும் தண்ணியைக் குடிக்கிற, வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளில் உரத்தின் நைத்திரேற்று இறங்கியிருக்கிறது என்று நெடுநாளாகக் கேட்டுவருகிற, கிழமையில் நாலு நாள் மீன் தின்கிற எங்களுக்கு இப்படிப் பதிவேடு தேவையில்லையா? பரோக்காரரின் கொடி பரோக்காரருக்குத்தான் பதில் சொல்லும்.

ஆனால் ஆராய்ச்சி என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஓம் சொல்ல வேண்டியதில்லை. மாணவியின் தாளை மூன்று தரம் வாசித்தேன். முதல் பக்கம் வடிவாக இருந்தது: என்ன ஆய்வு, எந்தத் துண்டு எடுப்பார்கள், கவ்வும் நேரத்தை மாற்றமாட்டார்கள், இல்லையென்றால் கவனிப்பில் ஒரு குறையும் வராது, காசு தரப்படாது, நெறிமுறை மீளாய்வுக் குழுவின் அனுமதி இலக்கம், அழைக்க ஒரு தொலைபேசி எண். இரண்டாம் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி: "சேகரிக்கப்படும் மாதிரிகள் எதிர்கால ஆய்வுகளுக்கும் பயன்படுத்தப்படலாம்."

என்ன ஆய்வு, எங்கே, ஆரால்? 1951இல் பால்ட்டிமோரில் ஹென்றியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் புற்றுநோய்க் கலங்களை அவரைக் கேட்காமலே எடுத்து வளர்த்தார்கள். அந்தக் கலங்கள் இன்றும் உலகத்து ஆய்வுகூடங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன. குடும்பத்துக்கு அது தெரியவரவே இருபது வருடத்துக்கு மேல் பிடித்தது. அந்தக் கதைக்குப் பிறகு இப்படி ஒரு வரியைக் கண்டால் நிறுத்திக் கேட்பதுதான் சரி. அதோடு கொடி தாயின் இழையம் அல்ல. அதில் இருப்பது பிள்ளையின் மரபணு. தாய் கையெழுத்துப் போடுவது இன்னும் பெயரே வைக்காத ஒருவருக்காக.

அடுத்த கிளினிக்கில் பெறாமகள் அதைக் கேட்டாள். மாணவி கோபிக்கவில்லை, நல்லகாலம். பையிலிருந்து இன்னொரு தாள் எடுத்தாள். அதில் பெட்டிகள் இருந்தன, ஆளுக்கு வேண்டியதைப் புள்ளடி போடலாம். பெயரை நீக்கி இலக்கம் மட்டும் போட்டு இந்த ஆய்வுக்கு, ஓம். மிஞ்சியதை இதே ஆய்வுகூடத்தில் வைத்திருப்பதற்கு, ஓம், ஆனால் ஐந்து வருடத்துக்கு. வெளிநாட்டுக்கு அனுப்ப, இல்லை. மரபணு முழுதையும் வாசிக்க, இல்லை. இந்தத் தாளை ஏன் முதலிலேயே கொடுக்கவில்லை என்று கேட்டதற்கு, "ஒருத்தரும் கேட்கிறதில்லை அக்கா" என்றாளாம்.

கேட்க வேண்டியதை எல்லாம் எட்டாம் மாதத்திலேயே கேட்டுவிட வேண்டும். நோவு எடுத்தபின் நீட்டுகிற தாளில் போடும் கையெழுத்துக்கு ஒரு பெறுமதியும் இல்லை. நல்ல ஆய்வாளர் அப்படி நீட்டவும் மாட்டார்.

இளங்கொடியைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வுக்கும் வேறு ஒரு வாழ்க்கை உண்டு. ஹட்சன் சில்வா தொடங்கிய இலங்கைக் கண்தானச் சங்கத்தின் கீழ் 1996இல் அமைந்த மனித இழைய வங்கி அந்தச் சவ்வைக் கதிர்வீச்சால் தொற்றுநீக்கிக் காயங்களுக்குப் போர்வையாகத் தயாரிக்கிறது. எங்களை யாரும் அதற்குக் கேட்கவில்லை, ஆகவே அது எங்கள் கணக்கில் வரவில்லை.

மிச்சம் இரண்டு வழி. ஒன்றும் சொல்லாமல் விட்டால் கொடி மஞ்சள் பையில் விழுந்து மருத்துவக் கழிவோடு போகும். அதில் குற்றமும் இல்லை, பயனும் இல்லை. மற்றது அம்மாவின் வழி. ஊரில் மருத்துவிச்சி பார்த்த காலத்தில் இளங்கொடியை முழங்கால் ஆழத்துக்குக் கிடங்கு வெட்டித் தாட்டு, நாய் கிளறாமல் மேலே கல்லு வைப்பார்கள். பசு கன்று போட்டால் அதன் இளங்கொடியை ஓலைப்பையில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவார்கள், பால் ஊறும் என்று.

நான் இதைச் சிரித்துக் கடந்துவிடப் பார்த்தேன். ஆனால் அம்மா பிறந்தது மயிலிட்டி. 1990இல் எழும்பி வந்தவர்களில் ஒருவர். 2017 ஆடியில் மயிலிட்டித் துறைமுகப் பக்கம் திறந்துவிட்டபோது நாங்கள் போய்ப் பார்த்தோம். வீடு இல்லை, கிணற்றுக் கட்டு மட்டும் இருந்தது. அம்மா பற்றைக்குள் நடந்து போய் ஒரு இடத்தில் நின்று, "இதிலை ஒரு மாதுளை நிண்டது, அதுக்குக் கீழைதான் எங்கடை ஏழு பேற்றையும்" என்றார். இருபத்தேழு வருடம் போகமுடியாமல் இருந்த வளவில் அவருக்கு உறுதி மாதிரி இருந்தது அதுதான். கொடி தாட்ட மண் என்று சொல்வது அவருக்கு வெறும் பேச்சல்ல. ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே கேட்டால் இளங்கொடியைக் கொண்டுபோக விடுவார்களா என்று விசாரிக்கலாம். ஆழமாகத் தாட்டால் யாருக்கும் தீங்கில்லை. ஆராய்ச்சிக்கு ஒரு சாண் கொடி போனாலும் இளங்கொடி மிஞ்சும். இரண்டும் ஒன்றையொன்று தடுக்காது என்று அம்மாவிடம் சொன்னேன். "அப்ப சரி" என்றார்.

ஆக, நான் பெறாமகளுக்குச் சொன்ன ஒழுங்கு இது. கவ்வும் நேரத்தை முதலில் தீர்மானி, அதை மிஸ்ஸியிடம் (தாதியிடம்) முன்கூட்டியே சொல்லி வை. அதற்குப் பிறகு மிஞ்சுவதை ஆராய்ச்சிக்குக் கொடு, தாளில் நீ போட்ட புள்ளடிகளோடு. தனியார் வங்கிக்குக் கட்டும் காசைப் பிள்ளையின் பெயரில் ஒரு புத்தகத்தில் போடு. பிள்ளைக்கு மூச்சுத் திணறலோ உனக்கு இரத்தப்பெருக்கோ வந்தால் இந்தத் திட்டம் எல்லாம் இரண்டாம் பட்சம், டொக்டர் அப்போதே கவ்வி வெட்டுவார். அதை எதிர்த்துக் கதைக்கக் கூடாது.

நோவு வந்தது போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை, இரவு. மாணவியின் தாளைக் கிளினிக் கொப்பியில் பின் பண்ணித்தான் அனுப்பினோம். விடியப்புறம் மூன்றே முக்காலுக்குப் பெண் பிள்ளை, இரண்டு கிலோ தொள்ளாயிரம். அந்த நேரத்தில் வாட்டில் இன்னும் மூன்று பேருக்கு நோவு. இருந்த மிஸ்ஸிமார் இரண்டு பேர். உப்புக்கரைசல் போத்தல் பூட்டிய அலுமாரிக்குள், திறப்பு பகல்காரரிடம். காலை எட்டு மணிக்கு மாணவி நீலநிற ஐஸ் பெட்டியோடு ஓடி வந்தபோது கொடியும் இளங்கொடியும் மஞ்சள் பையில் போய் நாலு மணித்தியாலம். அம்மாவின் கிடங்கும் வெறுமைதான். நாங்கள் எட்டாம் மாதத்தில் கேட்க மறந்த கேள்வி அது ஒன்றுதான்: இரவில் பிறந்தால் ஆர் எடுப்பது? நீங்கள் கேளுங்கள்.

மாணவி கட்டிலடியில் நின்று மன்னிப்புக் கேட்டாள். பெறாமகள் அவளைப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கச் சொன்னாள். நான் மெல்ல, நிமிடம் பார்த்தார்களா என்று கேட்டேன்.

"சுவரிலை மணிக்கூடு நேரே இருந்தது சின்னம்மா. மூண்டு நிமிசம் விட்டவை."